கழுதைமுதுகு மலைக்குப் பின்னால் ஒரு வீடும் நியூயார்க் சேனலும்

அனுப்புநர்:
திருமதி அர்டிஸ் லோக்கன்,
க/பெ. வெண்டல் லோக்கன் (மாட்டு ஏலக்காரர், ஓய்வு),
ஆல்டர் ஓடைச் சாலை, பாலம் தாண்டி இரண்டாவது வீடு,
டன்மோர் அஞ்சல், மொன்டானா மாநிலம்.

பெறுநர்:
நிலைய மேலாளர் அவர்கள்,
சில்வர்டிப் தொலைக்காட்சி நிலையம்,
ஹார்லன்வில் நகரம், மொன்டானா மாநிலம்.

பொருள்: வெளியூர் நிலையத்தின் சேனலை டிஷ் வழியாகப் பார்க்கத் தடையில்லாச் சான்று கோருதல் – சிக்னல் சோதனை எங்கள் வீட்டில் நடக்காமல் வேறு இடத்தில் நடந்தது – மறுப்பை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இம்மாதம் முதல் வாரத்தில் தங்கள் நிலையத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களை நான் நேரில் பார்த்ததில்லை. தங்கள் நிலையத்தைத் தொலைக்காட்சியிலும் பார்க்க முடியவில்லை என்பதுதான் இந்த மனுவுக்கே காரணம். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் தங்கள் கையெழுத்து கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுக்கு வரும் நியூயார்க் சேனல் நிறுத்தப்படும் என்று டிஷ் கம்பெனி எழுதியிருக்கிறது. அதனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவசரத்தில் எழுதுகிறேன், முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. தங்கள் நிலையத்தின் கோபுரத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மலை படுத்திருக்கிறது. கழுதைமுதுகு என்று சொல்வோம். கோபுரத்திலிருந்து கிளம்பும் படம் அதைத் தாண்டி வருவதில்லை. சத்தம் மட்டும் எப்படியோ சுற்றி வளைத்து வந்துவிடுகிறது. தங்கள் மாலைச் செய்தி வாசிப்பவரின் குரல் எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆள் எப்படி இருப்பார் என்றுதான் தெரியாது. அவருக்கு மீசை உண்டு என்று பக்கத்து வீட்டு நோரீன் சாதிக்கிறாள். அது மீசை இல்லை, திரையில் பறக்கும் புள்ளி என்று அவள் கணவர் கிளேட்டன் சொல்கிறார். இந்த வழக்கு பல வருடமாக நடக்கிறது. தாங்கள் தீர்ப்புச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, இப்போதைய என் வழக்கு அதுவல்ல.

2. ஒன்றரை வருடத்துக்கு முன் டிஷ் கம்பெனியின் ஆள் வந்து கூரையில் டிஷ்ஷை மாட்டினார். பழைய தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்து, "என்னங்க இது, ஒரே பனிமழையா இருக்கு" என்று சிரித்துவிட்டு, தங்கள் நிலையம் காட்டுகிற அதே நிகழ்ச்சிகளை நியூயார்க் நிலையத்திலிருந்து வருகிற மாதிரி இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குத் தங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உள்ளூர் நிலையம் எட்டுகிற வீட்டுக்கு வெளியூர் நிலையத்தைத் தரக்கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தங்கள் கடைக்கு வர வேண்டிய வாடிக்கையாளரை நியூயார்க்காரன் கூப்பிட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் நாங்கள் தங்கள் கடைக்கு வரவே முடியாதவர்கள், ஐயா. நடுவில் மலை இருக்கிறது.

3. நியூயார்க் சேனல் மேல் எங்களுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அந்த ஊரில் எந்தப் பாலத்தில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்று எனக்குத் தினமும் தெரிகிறது. எங்கள் கணவாய்ச் சாலை பனியில் மூடியிருக்கிறதா என்பது தெரிவதில்லை. சுரங்க ரயிலில் தகராறு என்று செய்தி வந்தால் நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? தங்கள் நிலையத்தின் படம் வந்தால் இன்றைக்கே அந்த டிஷ்ஷைக் கழற்றிக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். வரவில்லையே.

4. எதற்காக அந்தச் சேனல் வேண்டும் என்பதைச் சொல்கிறேன். என் கணவர் வெண்டல், டன்மோர் மாட்டு ஏலக்கொட்டகையில் ஏலம் கூறியவர். நான் அதே கொட்டகையின் சாப்பாட்டுக் கடையில் சமைத்தவள். அவர் மேடையில் கூவுவது ஒலிபெருக்கி வழியாக எங்கள் அடுப்படி வரை கேட்கும். அவர் குரலைக் கேட்டே உள்ளே என்ன விற்கிறது என்று சொல்லிவிடுவேன். கிழட்டுப் பசுவுக்கு ஒரு வேகம், நல்ல காளைக்கு ஒரு வேகம். வாய் மூடாத மனிதர். வீட்டிலும் அப்படித்தான். உப்பு கேட்டாலும் ஏலம் போட்டுத்தான் கேட்பார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. "ஆமா", "அது" என்ற சொற்களும் ஒரு கெட்ட வார்த்தையும் மட்டும்தான் மிஞ்சின. எல்லாவற்றுக்கும் அந்த மூன்றையும் வைத்துத்தான் சமாளித்தார். எங்கள் போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினபோது, "ஆமென்" சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டார். போதகர் பெரிய மனது உள்ளவர். "பரவாயில்ல, ஆண்டவருக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் கார் வரை அனுப்பிவிட்டு வந்து, சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

5. போன கோடையில் ஒரு நாள் காலை ஒன்பது மணி. நியூயார்க் சேனலில் அந்த விலை சொல்லும் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் நிலையத்திலும் அது பத்து மணிக்கு வருகிறது, குரல் கேட்டிருக்கிறேன். கூட்டத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு சாமானைக் காட்டி, இது என்ன விலை என்று கேட்பார்கள். நெருங்கிச் சொன்னவருக்கே அந்தச் சாமான். அன்றைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி ஐந்நூறு என்றாள். பக்கத்தில் நின்றவன் அறுநூறு என்றான்.

நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "அறுநூறு அறுநூறு அறுநூறு, அறுநூத்தம்பது யாரு, அம்பது அம்பது, அந்தப் பக்கம் என்ன தூக்கமா, எழுநூறு கேக்குறேன், எழுநூறு, ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல், அதே வேகம். நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம். வாணலியில் வெங்காயம் கருகி வீடெல்லாம் புகை. கருகட்டும் என்று நின்றேன். "மூணு தரம்!" என்று நாற்காலிக் கையில் ஓர் அடி அடித்துவிட்டு, அப்புறம் பழையபடி அமைதியாகிவிட்டார்.

அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் ஒன்பது மணிக்கு என் கணவர் ஏலம் போடுகிறார். சனி ஞாயிறு எங்களுக்கு ஊமை நாட்கள்.

6. பில்லிங்ஸ் நகரில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். பாட்டு, ஜெபம், எண்ணிக்கை, இப்படிப் பழகிப் பழகி ஊறிப்போனவை சிலருக்கு முதலில் திரும்பும் என்றார். "எது பேச வைக்குதோ அத விட்றாதீங்கம்மா. ஒரு நாள்கூட இடைவெளி விடாம பிடிச்சுக்கங்க" என்றார். அப்படியே செய்தோம். இலையுதிர் காலத்தில் ஏலம் முடிந்த கையோடு என் கணவர் "காபி" என்றார். பிறகு "கதவு". பிறகு கிளேட்டனின் நாயைப் பார்த்து "போ". ஒரு நாள் என் சூப்பைக் குடித்துவிட்டு "உப்பு" என்று சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் அவர் குறை சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

7. போன ஜனவரியில் திடீரென்று அந்தச் சேனல் நின்றது. ஒன்பது மணிக்குத் திரையில் வெறும் நீலம். டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"மேடம், எங்க மேப்ல உங்க வீடு உள்ளூர் ஸ்டேஷனோட வட்டத்துக்குள்ள வருது. அதனால ஆட்டோமேட்டிக்கா கட் ஆயிருச்சு."

"அந்த மேப்ல மலை இருக்காம்மா?"

"மலையா? இருங்க பாக்குறேன்... இல்ல மேடம், மேப் பூரா ஒரே பச்சையா இருக்கு."

"அந்தப் பச்சைக்கு உசரம் இருக்கும்மா. என் ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியுது."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவர் உட்கார்ந்திருந்த ஊரில் மலையே இருந்திருக்காது. தங்கள் நிலையத்திடம் சான்று கேட்டு மனுப் போடுவதாகவும், பதில் வரும் வரை சேனலைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். தந்தார்கள். ஆனால் அதற்குள் ஒன்றரை வாரம் போய்விட்டது.

அந்த ஒன்றரை வாரத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் முகம் சவரம் செய்துகொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, நீலத் திரைக்கு முன்னால் உட்காருவார். ஏலத்துக்குக் கிளம்புகிற நாட்களில் அப்படித்தான் உடுத்துவார். கூட்டம் வரவில்லை. முதலில் "உப்பு" போயிற்று. பிறகு "கதவு". அப்புறம் கரண்டியை நீட்டினாலும் வாய் திறக்கவில்லை. சேனல் திரும்பி வந்த பின்னும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிப்ரவரி பாதி ஆன பிறகுதான் மறுபடி ஒரு எண் வாயில் வந்தது. இன்னொரு முறை நின்றால் திரும்பி வருமா என்று பயிற்சிப் பெண்ணைக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பதில் எனக்குப் புரிந்தது.

8. இனி சிக்னல் சோதனைக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

டிஷ் கம்பெனி வழியாக வந்த என் முதல் மனுவைத் தாங்கள் மறுத்தபோது, வீட்டுக்கே வந்து அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்டேன். மார்ச் மாதம், பனி உருகும் நேரத்தில், உச்சியில் நீண்ட கம்பம் வைத்த வண்டியோடு ஒரு பையன் வந்தார். எங்கள் பாதையில் திரும்பின உடனே வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. கிளேட்டன் டிராக்டரோடு வந்தார். சேற்றில் மாட்டின வெளியூர் ஆளை இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. இழுத்து மேட்டில் விட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்போம். கிளேட்டன் அந்த வண்டியை ஓடைக்கு அந்தப் பக்கம், அரை மைல் தூரத்தில், தன் மாடுகள் கன்று போடும் கொட்டகை இருக்கிற மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மேடு மட்டும் கழுதைமுதுகுக்கு ஓர் ஓரமாகத் தலை நீட்டி நிற்கிறது. அங்கே நின்றால் தங்கள் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெரியும்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பையன் நனைந்து நடுங்கிக்கொண்டு, "இங்கயே அளக்கட்டுமா சார், இதுவும் அந்த வீடும் ஒரே இடந்தானே?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கிளேட்டன் ஆயுள் முழுக்க மாடு வளர்த்தவர். எங்கள் ஊரில் அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்றால் மந்தையிலேயே நல்ல மாட்டைக் குளிப்பாட்டி, வாலைச் சீவி, முன்னால் கொண்டுவந்து நிறுத்துவோம். நொண்டியைக் காட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சிக்னல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தம்பி, இந்த மூலையில நிறுத்துப்பா, இங்கதான் சும்மா கும்முனு வரும்" என்று இடத்தையும் அவரே காட்டிக் கொடுத்திருக்கிறார். அளவுக் கருவியின் முள் கடைசி வரை போய் முட்டியதும் கை தட்டியிருக்கிறார்.

இதெல்லாம் நடக்கும்போது நான் என் சமையலறையில் அந்தப் பையனுக்காக மாட்டிறைச்சிக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். கிளேட்டன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "அக்கா, பாஸ் ஆயிட்டோம்!" என்றார். நானும் மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டு இருவருக்கும் ஆப்பிள் பை வெட்டி வைத்தேன். அந்தப் பையன் இரண்டு துண்டு சாப்பிட்டார். நல்ல பிள்ளை. எங்கள் முன்னறையில் இருந்த தொலைக்காட்சியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் போட்டுக் காட்டவில்லை. போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

தங்கள் மறுப்புக் கடிதத்தில் "மனுதாரரின் இல்லத்தில் மிகச் சிறந்த சிக்னல்" என்று இருக்கிறது. அது மனுதாரரின் இல்லம் அல்ல. கிளேட்டனின் கன்றுக் கொட்டகை. அங்கே சிக்னலைப் பார்க்க இருப்பவை பதினெட்டு கன்றுகள்தான்.

தங்கள் கடிதம் வந்து உண்மை தெரிந்த நாளில் கிளேட்டன் எங்கள் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் நல்லதுன்னு நெனச்சுதான்க்கா..." என்று ஆரம்பித்தார். நோரீன் இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அந்த வீட்டில் இப்போது எங்கள் வீட்டைவிட அமைதி அதிகம்.

9. அந்த மேட்டிலேயே ஆன்டெனா வைத்து வயர் இழுத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். கிளேட்டன் அதையும் செய்து பார்த்துவிட்டார். அரை மைல் வயரில் படம் வழியிலேயே செத்துப்போகிறது. இங்கே வந்து சேர்ந்தது பழைய பனிமழைதான். மிச்ச வயரை மாடுகள் மென்றுவிட்டன.

நிகழ்ச்சியை வீடியோ நாடாவில் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்று டிஷ் கம்பெனிப் பெண்ணும் சொன்னார். பதிந்தேன். போட்டேன். என் கணவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஏதோ மோசடி செய்துவிட்ட மாதிரி. அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு தரம் பார்த்த ஏலம் அவருக்கு எப்படித் தெரிகிறதோ, தெரிந்துவிடுகிறது. "வித்த மாட்ட மறுபடி மேடை ஏத்துனா எந்த ஏலக்காரன்க்கா கூவுவான்?" என்றார் கிளேட்டன். அன்றைக்கு அவர் சொன்னது சரி.

மகன் வீட்டுக்குப் போய்விடலாமே என்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

10. எங்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்று தாங்கள் தயங்க வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் மலைக்குப் பின்னால் இருக்கும் வீடுகள் மூன்று. ஒன்று எங்களுடையது. இன்னொன்று கிளேட்டனுடையது, நியூயார்க் சேனல் கேட்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யத் தயார். நோரீனும் செய்வாள், மீசை விஷயம் தெரிந்தால். மூன்றாவது வேட்டைக்காரர்களின் மரக்குடில், வருடத்தில் முக்கால்வாசி பூட்டியே கிடக்கிறது. ஆகவே தங்கள் நிலையம் ஒரு பார்வையாளரைக்கூட இழக்காது என்று உறுதி கூறுகிறேன்.

ஆகவே ஐயா, ஒன்று, மறுப்பை ரத்து செய்து தடையில்லாச் சான்று வழங்க வேண்டும். அல்லது, சோதனைக்காரரை மறுபடி அனுப்பி, எங்கள் வீட்டு முற்றத்தில், எங்கள் கூரை உயரத்தில் அளக்கச் சொல்ல வேண்டும். பாதையில் சரளைக்கல் கொட்டியாகிவிட்டது, வண்டி மாட்டாது. அந்த முடிவு வரும் வரையாவது சேனலை நிறுத்த வேண்டாம் என்று டிஷ் கம்பெனிக்கு ஒரு வரி எழுத வேண்டும். இதில் தங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால், எந்த நாளாவது ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். நான் பேச மாட்டேன். ரிசீவரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மனு இவ்வளவுதான். இங்கேயே கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன். அப்புறம் மறுபடி பிரித்துவிட்டேன். பயிற்சிப் பெண்ணிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கேட்டால் தாங்கள் இதை நோயாளிக்கு மருந்து கேட்கிற மனு என்று நினைத்துக்கொள்வீர்கள். அது பாதிதான் உண்மை.

ஏலத்தில் மூன்று தரம் சொன்னதோடு முடிவதில்லை. எடுத்தவர் பெயரையும் கூவ வேண்டும். போன கோடையிலிருந்து அவர் "மூணு தரம்!" வரைக்கும் வருவார். அப்புறம் வாய் திறந்தபடி நிற்கும். பெயரைத் தேடுவார். கிடைக்காது. நாற்காலியைக் குத்துவார், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு மனிதரின் பெயரும் அவருக்கு வந்ததில்லை. கிளேட்டனைப் பார்த்தால் தொப்பியைக் காட்டுவார். என்னைப் பார்த்தால் கையை நீட்டுவார், "அது" என்பார். இரண்டு வருடமாக என் வீட்டில் நான் "அது". நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் சில நாள் அவர் தூங்கின பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று என் பெயரை நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இம்மாத ஆரம்பத்தில், தங்கள் மறுப்புக் கடிதம் வந்த மறுநாள், அந்தப் போட்டியில் ஒரு மோட்டார் படகைக் காட்டினார்கள். எங்கள் ஓடையில் ஒரு வாத்து நீந்தவே தண்ணீர் போதாது. அவர் ஆரம்பித்தார், ஏற்றினார், ஏற்றினார். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" வழக்கம்போல வாய் திறந்து நின்றது. நான் துணி மடித்துக்கொண்டே, அடுத்து வரும் குத்துக்காகக் காத்திருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். விரலை நீட்டினார். "அர்டிஸுக்கு!" என்றார்.

அன்றிலிருந்து எல்லாம் எனக்குத்தான் விழுகிறது. படகு, இரண்டு கார், ஒரு பியானோ, மெக்சிகோவுக்கு ஒரு வாரப் பயணம். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தரம் என் பெயர். நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் ஆனால் மறுபடி நான் "அது". மறுநாள் ஒன்பது மணிக்கு மறுபடி அர்டிஸ். முப்பதாம் தேதி சேனல் நிற்கப்போவதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தொலைக்காட்சிக்கு முன்னால் வந்துவிடுகிறேன். திரை நீலமாக வருமோ, படமாக வருமோ என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். படம் வந்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புகிறேன்.

அவர் எனக்கு விற்றதில் ஒரு பொருளும் எனக்கு வேண்டாம். இந்த மனுவின் கீழே என் பெயரை நானே எழுதிக்கொள்கிறேன். அவர் அதைக் கூப்பிடுகிற அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கள் எடுத்துவிடாமல் இருந்தால் போதும். தயவு செய்யுங்கள், ஐயா.

இடம்: ஆல்டர் ஓடை, டன்மோர்
நாள்: 22.04.2002

தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,

அர்டிஸ் லோக்கன்

இணைப்பு: 1. பேச்சுப் பயிற்சியாளரின் கடிதம். 2. எங்கள் முன்வாசலிலிருந்து எடுத்த கழுதைமுதுகு மலையின் புகைப்படம். 3. சோதனை நடந்த இடம் தன் கொட்டகைதான், திருமதி லோக்கன் வீடு அல்ல என்று கிளேட்டன் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி (மாட்டுச் சாணம் பட்டிருப்பதற்கு மன்னிக்கவும்).